சிறுநீரில் இரத்தம்: வலி இல்லை என்று விட்டுவிட வேண்டாம்

(தோட்டக் கமிட்டித் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிகளும் கலந்துகொண்ட தொழிலாளர் கல்வி வகுப்பில், சங்கத்தின் சுகாதாரக் குழு சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



சம்பளம், சேமலாப நிதி, வீட்டுக் காணி, இவற்றைப் பற்றிப் பேசத்தான் நாம் வழக்கமாகக் கூடுகிறோம். இன்றைக்கு மூத்திரத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள், பரவாயில்லை. வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டிருப்பதைவிட சிரித்துக்கொண்டே பேசுவது நல்லது. இந்த விஷயத்தில் நம் ஆட்கள் டொக்டரிடம் போகத் தாமதிப்பதற்குப் பாதிக் காரணம் இந்த வெட்கம். மீதிப் பாதி, ஒரு நாள் பேர் போய்விடுமே என்ற கவலை.

இந்த வகுப்புக்கு ஒரு காரணம் உண்டு. ஒரு தோட்டக் கமிட்டி எங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தது. சிறுநீர்ப்பையில் வரும் புற்றுநோயை ஒரு கோப்பை சிறுநீரைக் கொண்டே முன்கூட்டிக் கண்டுபிடிக்கும் பரிசோதனை வெளிநாட்டில் வந்திருக்கிறதாம். அதை நம் தோட்டத்தில் எல்லோருக்கும் செய்ய ஒரு முகாம் வைக்க வேண்டும், தேவைப்பட்டால் சந்தாப் பணத்திலிருந்தும் செலவழிக்கலாம் என்று கேட்டிருந்தார்கள். அந்தத் தோட்டத்தில் ஒரு தொழிலாளி இந்த நோயால் இறந்திருக்கிறார். கண்டுபிடித்தபோது பிந்திவிட்டது. அந்தத் துக்கத்தில் எழுதிய கடிதம் அது. ஆகவே ஒரு வரியில் பதில் எழுதி அனுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை. எல்லோர் முன்னாலும் விளக்கிச் சொல்வதுதான் முறை என்று நினைத்தோம்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த நோயின் வரலாறே தொழிலாளர்களின் வரலாறுதான். 1895ஆம் ஆண்டு ஜேர்மனியின் பிராங்பர்ட் நகரத்தில் லூட்விக் ரேன் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். பூக்சின் என்ற செந்நிறச் சாயம் செய்யும் வேலையில் இருந்த 45 பேரில் 3 பேருக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வந்திருந்தது. வேலைக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டு என்று அவர் பகிரங்கமாகச் சொன்னார். (இவர்தான் அடுத்த வருடம் கத்திக்குத்துப்பட்ட ஒருவரின் இதயத்தைத் தைத்துப் பிழைக்க வைத்தவர். அந்தக் காலத்தில் இதயத்தில் ஊசி வைக்கப் பெரும்பாலோர் துணியவில்லை.) 1919இல் தொடங்கிய சர்வதேச தொழிலாளர் ஸ்தாபனம் 1921இலேயே சாயத் தொழிற்சாலைகளில் வரும் இந்தப் புற்றுநோயைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. 1938இல் ஹூப்பர் என்ற விஞ்ஞானி, பீட்டா நாப்தைலமைன் என்ற சாயப்பொருள் நாய்களின் சிறுநீர்ப்பையில் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று காட்டினார். ஆனால் இங்கிலாந்தில் அந்தப் பொருளைச் சட்டம் போட்டுத் தடுத்தது 1967இல்தான். ரேன் சொன்னதிலிருந்து எத்தனை வருடம் என்று விரல் விட்டு எண்ணிக்கொள்ளுங்கள்.

அந்த நஞ்சின் குணம் என்னவென்றால், வேலையை விட்டுப் போய்ப் பதினைந்து, இருபது வருடம் கழித்தும் நோய் வரும். ஆகவே சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் சிறுநீரை ஒழுங்காக எடுத்துப் பரிசோதிக்கும் வழக்கம் வந்தது. அதற்கு வழி திறந்தவர் பாப்பனிகொலாவு. பெண்களுக்கு இந்தப் பெயர் பாதி தெரிந்திருக்கும். கிளினிக்கில் கர்ப்பப்பைக் கழுத்துக்குச் செய்கிறார்களே 'பாப் டெஸ்ட்', அது அவர் பெயரில் உள்ளதுதான். 1945இல் அவரும் மார்ஷல் என்பவரும் சிறுநீரின் அடியில் படியும் மண்டியைக் கண்ணாடித் தட்டில் பூசி, பூதக்கண்ணாடியில் பார்த்துப் புற்றுநோய்க் கலங்களை அடையாளம் காணலாம் என்று எழுதினார்கள். சிறுநீரை வைத்து இந்த நோயைத் தேடும் வேலை அங்கிருந்து வளர்ந்ததுதான்.

இது எப்படி முடிகிறது? ஆற்றுத் தண்ணீர் சிவந்து கலங்கி வந்தால், மேலே எங்கோ மண் சரிந்திருக்கிறது என்று மலையில் பிறந்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிறுநீர்ப்பையும் அப்படித்தான். அதன் உள்சுவரில் இருந்து பழைய கலங்கள் உதிர்ந்துகொண்டே இருக்கும். சிறுநீர் மணிக்கணக்கில் அங்கே தேங்கி நின்று அவற்றை அடித்துக்கொண்டு வெளியே வரும். சுவரில் கட்டி இருந்தால் அதன் கலங்களும், அவற்றின் கருவிலிருந்து உடைந்து வரும் புரதங்களும், கெட்டுப்போன மரபணுத் துண்டுகளும் சேர்ந்து வரும். இவற்றைத்தான் புற்றுநோய்க் குறிகாட்டிகள் என்கிறார்கள். 'என்எம்பி 22' என்பது கலத்தின் கருவில் இருக்கும் ஒரு புரதம். அதற்கு, கர்ப்பம் பார்க்கும் அட்டையைப்போலச் சில சொட்டு விட்டு அரை மணித்தியாலத்தில் பார்க்கும் அட்டை இருக்கிறது. 'யூரோவிஷன்' என்பது கலத்தினுள் இருக்கும் நிறமூர்த்தங்களுக்கு ஒளிரும் சாயம் ஏற்றிப் பார்ப்பது. மரபணுவில் ஏற்படும் எழுத்துப்பிழையைத் தேடும் புதிய பரிசோதனைகளும் இருக்கின்றன.

கேட்கும்போது ஆசையாக இருக்கிறது, இல்லையா? எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. இனிக் கணக்கைப் பார்ப்போம். கொழுந்து நிறுக்கும்போது தராசு சரியா என்று பார்க்கிற நாம், இதையும் நிறுத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

2005ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. சிறுநீரில் இரத்தம் போன்ற அறிகுறியோ, புகைப்பழக்கம் போன்ற ஆபத்தோ உள்ள 1,331 பேரைச் சோதித்தார்கள். கமரா வைத்த குழாயை விட்டுச் சிறுநீர்ப்பைக்குள் நேரே பார்த்ததில் 79 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. அந்த 79 பேரில் 'என்எம்பி 22' அட்டை பிடித்தது 44 பேரை. 35 பேரை விட்டுவிட்டது. பூதக்கண்ணாடியில் கலத்தைப் பார்க்கும் பழைய முறை அதைவிட மோசம். நூற்றுக்கு 16 பேரைத்தான் பிடித்தது. ஆனால் பழைய முறைக்கு ஒரு நேர்மை உண்டு: அது 'இருக்கிறது' என்று சொன்னால் பெரும்பாலும் இருக்கும். அட்டை அப்படியில்லை. நோய் இல்லாதவர்களிலும் நூற்றுக்கு 14 பேருக்கு 'இருக்கிறது' என்று காட்டியது. சிறுநீரில் கல் இருந்தாலும், கிருமித் தொற்று இருந்தாலும் அது ஏமாறும்.

இப்போது அந்தக் கமிட்டி கேட்ட முகாமை மனதில் வைத்துப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு, எந்தத் தொந்தரவும் இல்லாத ஆயிரம் பேரை பிரட்டுக்களத்தில் வரிசையில் நிறுத்தி இந்த அட்டையில் சோதிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 2 பேருக்கு உண்மையிலேயே நோய் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். அந்த இருவரில் ஒருவரை அட்டை பிடிக்கும், மற்றவரை விட்டுவிடும். அதோடு நோயே இல்லாத 140 பேரிடம் 'உனக்குச் சந்தேகம் இருக்கிறது' என்று சொல்லும். அந்த 140 குடும்பங்களின் நிலைமையை யோசியுங்கள். அடுப்பில் நெருப்பு ஏறாது. கண்டிக்குப் போய்வர வான் கூலிக்குக் கடன் வாங்குவார்கள், தோடு அடகுக்குப் போகும். எல்லாவற்றையும்விட மோசம், அட்டை விட்டுவிட்ட அந்த ஒருவருக்கு நடப்பது. 'உனக்கு ஒன்றுமில்லை' என்ற காகிதத்தை பையில் வைத்துக்கொண்டு, பின்னால் சிறுநீரில் இரத்தம் போனாலும் 'அன்றைக்கே பார்த்தாச்சு' என்று சும்மா இருந்துவிடுவார்.

இது எங்கள் சொந்தக் கணிப்பு மட்டுமல்ல. அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழுவும் 2011இல் இதையே ஆராய்ந்தது. அறிகுறி எதுவும் இல்லாதவர்களை இப்படிச் சோதிப்பதால் நன்மை கூடுதலா தீமை கூடுதலா என்று தீர்மானிக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது.

அதற்காக அந்த விஞ்ஞானத்தை நாங்கள் இகழவில்லை. ஈரானில் கொலெஸ்தான் என்ற மாகாணத்தில் ஏறத்தாழ 50,000 பேரிடம் மாதிரிகள் எடுத்துப் பத்திரப்படுத்தி, அவர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். பிற்பாடு சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வந்தவர்களின் பழைய சிறுநீரை வெளியே எடுத்து, 'டெர்ட்' என்ற மரபணுவில் பிழை இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஏறத்தாழப் பாதிப் பேரின் சிறுநீரில், நோய் தெரியவருமுன்பே அந்தப் பிழை இருந்தது. சிலருக்குப் பத்து வருடம் முன்பே! நோய் வராதவர்களிடம் ஒப்பிட்டுப் பார்த்த மாதிரிகளில் ஒன்றில்கூட அது இல்லை. 2020இல் வெளிவந்த முடிவு இது. பிள்ளைகள் காலத்தில் இது நல்ல பரிசோதனையாக வளரலாம். ஆனால் இன்றைக்கு சந்தாப் பணத்தை எடுத்து முகாம் வைக்க இது போதாது. ஆகவே அந்தக் கமிட்டியின் கோரிக்கையை ஏற்க வேண்டாம் என்பது எங்கள் சிபாரிசு.

அப்படியென்றால் அந்தத் தோழரின் மரணத்துக்கு என்ன பதில் என்று கேட்பீர்கள். பதில் இருக்கிறது. அது இதைவிட மலிவு, நம் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

இந்த நோய் பெரும்பாலும் ஒளிந்துகொண்டு வருவதில்லை. சிறுநீரில் இரத்தத்தைக் காட்டிக்கொண்டு வருகிறது. பிரச்சினை, வலி இருக்காது. ஒரு நாள் தேயிலைச் சாயம்போலவோ, செம்மண் தண்ணீர்போலவோ போகும். அடுத்த நாள் தெளிந்துவிடும். ஒரு மாதம், இரண்டு மாதம் ஒன்றும் இருக்காது. 'சூட்டினால் வந்தது, இளநீர் குடித்தேன், சரியாகிவிட்டது' என்போம். இளநீர் நல்லதுதான், குடியுங்கள். ஆனால் இரத்தம் நின்றது இளநீராலா, தானாகவா என்று இளநீருக்கே தெரியாது. ஒரே ஒரு தடவை இரத்தம் போனாலும் டொக்டரிடம் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் வழிகாட்டலில், 45 வயதுக்கு மேற்பட்ட ஒருவருக்குக் கிருமித் தொற்று இல்லாமல் கண்ணுக்குத் தெரியும்படி இரத்தம் போனால், அல்லது தொற்றுக்கு மருந்து கொடுத்த பிறகும் இரத்தம் நிற்காவிட்டால், புற்றுநோய்ச் சந்தேகம் என்று அவசரமாக நிபுணரிடம் அனுப்பச் சொல்கிறார்கள். வயது குறைந்தவர்கள் விட்டுவிடலாம் என்று அதற்குப் பொருளில்லை.

எல்லாச் சிவப்பும் இரத்தமல்ல என்பதையும் சொல்லிவிடுகிறோம். பீட்ரூட் சாப்பிட்டால் சிலருக்குச் சிவப்பாகப் போகும். சயரோக மாத்திரை எடுப்பவர்களுக்கு செம்மஞ்சளாகப் போகும், அது மருந்தின் நிறம். இரத்தமே என்றாலும் பெரும்பாலும் கல், தொற்று, ஆண்களுக்குப் புரோஸ்டேட் சுரப்பி வீக்கம் என்று வேறு காரணமாகத்தான் இருக்கும். ஆனால் எது என்று முடிவு செய்வது நாமல்ல, பரிசோதனை.

அந்தப் பரிசோதனை நம் அரசாங்க ஆஸ்பத்திரியில் இருக்கிறது. 'யூரின் ஃபுல் ரிப்போர்ட்' என்று எழுதிக் கொடுப்பார்களே, அதுதான். அதில் சிவப்பணு எத்தனை, வெள்ளையணு எத்தனை என்று எழுதியிருக்கும். வெள்ளையணு கூடியிருந்தால் தொற்று என்று மாத்திரை தருவார்கள், அது சரி. மாத்திரை முடிந்ததும் மறுபடியும் ஒரு ரிப்போர்ட் எடுத்துக் காட்ட வேண்டும். நம்மவர்கள் தவறவிடுவது இந்த இடத்தில்தான். எரிவு நின்றதும் மலைக்குப் போய்விடுகிறோம். தொற்று போன பிறகும் சிவப்பணு இருந்தால், 'டொக்டர், இது ஏன் இன்னும் இருக்கிறது, ஸ்கேன் பண்ண வேண்டுமா, உள்ளே கமரா விட்டுப் பார்க்க வேண்டுமா' என்று கேட்க வேண்டும். மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள். பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு டொக்டர் பார்க்கும்போது, கதையைத் தொடர்ந்து சொல்வது அந்தப் பைதான்.

பெண்கள் இதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். இந்த நோய் ஆண்களுக்கு மூன்று, நான்கு மடங்கு கூடுதலாக வருகிறது. ஆனால் பெண்களுக்கு வரும்போது, முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்படுவது கூடுதல் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. ஏன்? பெண்ணுக்கு இரத்தம் போனால் மாதவிடாய் என்கிறார்கள், இல்லையென்றால் நீர்க்கடுப்பு என்கிறார்கள். மாத்திரை மேல் மாத்திரை கொடுத்து மாதங்களைக் கடத்திவிடுகிறார்கள். நம் உறுப்பினர் ஒருவருக்கு ஒரே வருடத்தில் நான்கு தடவை நீர்க்கடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். ஒரு தடவைகூட மறு ரிப்போர்ட் எடுக்கச் சொல்லவில்லை. அவருக்குக் கடைசியில் கல் என்று தெரிந்தது, நல்லவேளை. மாதவிடாய் நின்ற தாய்மார் இரத்தத்தைக் கண்டால், அது சிறுநீரோடு வருகிறதா, கர்ப்பப்பை வழியாக வருகிறதா என்ற குழப்பம் வேண்டாம். இரண்டுமே டொக்டரிடம் போக வேண்டிய விஷயம்.

நீர்க்கடுப்பு நம் பெண்களுக்கு ஏன் இவ்வளவு வருகிறது? மலையில் கழிப்பறை இல்லை. காலை பிரட்டுக்குப் போகுமுன் ஒன்றுக்குப் போனால், மத்தியானம் வரை அடக்க வேண்டும். அடக்க முடியாது என்று தண்ணீரே குடிக்காமல் வெயிலில் நிற்கிறார்கள். அடக்குவதால் புற்றுநோய் வரும் என்று நாங்கள் சொல்லவில்லை, அப்படி யாரும் பயப்படவும் வேண்டாம். ஆனால் அடிக்கடி தொற்று வருகிற இடத்தில், உண்மையான அபாய இரத்தமும் 'வழக்கமான நீர்க்கடுப்பு' என்ற பெயரில் மறைந்துபோகிறது. மலைக் கழிப்பறை என்ற நம் பழைய கோரிக்கைக்கு இதையும் ஒரு காரணமாகச் சேர்த்து நிர்வாகத்திடம் எழுதப் போகிறோம்.

ஆண்களுக்கு ஒரு செய்தி. சாயத் தொழிற்சாலையில் தடை செய்தார்களே பீட்டா நாப்தைலமைன், அது சிகரெட் புகையில் இருக்கிறது. இழுக்கும் புகை நெஞ்சோடு நிற்பதில்லை. நஞ்சு இரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வடிகட்டி, சிறுநீர்ப்பையில் வந்து தேங்குகிறது. இந்தப் புற்றுநோயில் ஏறத்தாழப் பாதிக்குப் புகைதான் காரணம். பீடியும் புகையிலைதான். ஜேர்மன் தொழிலாளி கூலிக்காக அந்த நஞ்சைச் சுவாசித்தான், நாம் காசு கொடுத்து வாங்குகிறோம். விட்டுவிட்டால் ஆபத்து வருடத்துக்கு வருடம் குறையும்.

மருந்தடிக்கிற தோழர்கள், அந்த மருந்தினால் இது வருமா என்று எப்போதும் கேட்கிறார்கள். சாயப்பொருளுக்கு நிரூபித்ததுபோல எல்லாக் களைகொல்லிக்கும் நிரூபித்துவிட்டார்கள் என்று சொல்வது பொய். கையுறையும் முகமூடியும் கேட்க நமக்கு வேறு நூறு காரணம் உண்டு, பொய் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. றப்பர் தோட்டத்துத் தோழர்களுக்கும் அதே பதில்: றப்பர் பொருள் செய்யும் தொழிற்சாலை வேலை இந்த நோயோடு தொடர்புள்ளது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் சொல்லியிருக்கிறது. அது தொழிற்சாலையைப் பற்றியது, மரத்தில் பால் வெட்டுவதைப் பற்றியது அல்ல.

நேரத்தோடு பிடித்தால் என்ன செய்வார்கள் என்று தெரிந்தால் பயம் குறையும். கண்டுபிடிக்கப்படும்போது நான்கில் மூன்று பங்கு நோய், சிறுநீர்ப்பையின் தசைக்குள் இறங்காமல் உள்சுவரோடுதான் இருக்கும். வயிற்றைக் கிழிக்காமல், சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியை விட்டுக் கட்டியைச் சுரண்டி எடுக்கிறார்கள். பிறகு சிலருக்குச் சிறுநீர்ப்பைக்குள் ஒரு மருந்தை வாரம் ஒரு தடவையாக ஆறு வாரம் விடுவார்கள். அது என்ன மருந்து தெரியுமா? பிள்ளை பிறந்ததும் புயத்தில் போடுகிற பிசிஜி! சயரோகத் தடுப்பூசி. கனடாவில் மொராலெஸ் என்ற வைத்தியர் 1976இல் இதன் பலனை எழுதினார், இன்றைக்கும் அதையே பாவிக்கிறார்கள். ஆனால் இந்த நோய்க்குத் திரும்பி வரும் குணம் உண்டு. ஆகவே ஆரம்பத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கமரா விட்டுப் பார்க்க வேண்டும். நாம் முன்பு பேசிய குறிகாட்டிப் பரிசோதனைகளுக்கு உண்மையில் கூடுதல் பயன், ஏற்கெனவே நோய் வந்தவர்களை இப்படித் தொடர்ந்து கவனிப்பதில்தான். கமராவுக்குப் பதிலாக அல்ல, அதற்குத் துணையாக.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கண்டிக்கோ மஹரகமவுக்கோ போய்வருவது என்றால், பஸ் கூலி, கூடப் போகிறவரின் சம்பளம், இரண்டு பேர் போய்விடும். 'இப்போது ஒன்றும் இல்லையே' என்று மூன்றாவது தடவையிலேயே பலர் நின்றுவிடுகிறார்கள். சிகிச்சை இலவசம், போய்வருவது இலவசமல்ல. சந்தாப் பணத்தைச் செலவழிக்க வேண்டுமென்றால் இதற்குச் செலவழிப்போம். புற்றுநோய் கிளினிக் அட்டை உள்ள உறுப்பினருக்கும் கூடப் போகிற ஒருவருக்கும் பயணச் செலவு கொடுக்க வேண்டும் என்ற பிரேரணையை அடுத்த பொதுச் சபைக்குக் கொண்டுவருகிறோம். கிளினிக் நாளுக்குப் பேர் வெட்டக் கூடாது என்பதை நிர்வாகத்தோடு பேசும்போது முன்வைக்கிறோம். அதற்கு ஒவ்வொரு தோட்டத்திலும் இப்படிக் கிளினிக் போய்வருவோர் எத்தனை பேர் என்ற கணக்கு எங்களுக்கு வேண்டும். பெயர் வேண்டாம், நோயின் விவரமும் வேண்டாம், தொகை மட்டும் போதும். தலைவிமார் இந்த மாதக் கடைசிக்குள் எழுதி மாவட்டக் காரியாலயத்தில் கொடுத்துவிடுங்கள்.

இனி உங்கள் கேள்விகள். வெளிப்படையாகக் கேட்கக் கூச்சமானவர்கள் துண்டில் எழுதி முன்வரிசைக்கு அனுப்புங்கள்.